வடக்குக் கடலுக்கு எந்தப் பாட்டு

தெற்குக் கடலுக்கு எதைப் போட்டாலும் போய்விடும்,
வாடையே தூக்கிக்கொண்டு போகும், கூலி கேட்காது.
தங்கச்சிமடத்தில் வடக்குக் கடல்தான் வம்பு.
கோபுரத்து உச்சியில் நாலு கூம்பு ஸ்பீக்கர்;
வடக்கே பார்த்த ஒன்றை
உப்பு தின்று, விளிம்பு கருக்கரிவாள் பல்லாகிவிட்டது.
அந்த வாய்க்கு எந்தப் பதிவு பொருந்தும் என்று
பார்த்துச் சொல்லும் வேலை இந்த வருடம் எனக்கு.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்
இதற்கும் எழுதுவாள் என்று நினைத்துவிட்டார்கள்.

போன கிறிஸ்துமசுக்கு வயலின் போட்டோம்.
தூண்டில் வளைவைத் தாண்டவில்லை ஒரு இழையும்.
ஆகவே இந்தமுறை பித்தளை.
ஊதுகிறதாக இருக்கட்டும், என்றது கமிட்டி.

பென்டிரைவில் நான்கு.

முதலாவது ஏதோ குளிர்தேசத்துப் பட்டாளம்.
ஐம்பது பேர், ஒருவரும் மூச்சு வாங்கவில்லை.
சலவைக்குப் போட்டு எடுத்த பிறப்பு.
கேட்டுக்கொண்டே தொபியாஸ்
தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார்.

இரண்டாவது, கீபோர்டில்
ட்ரம்பெட் என்று எழுதிய பொத்தானை அமுக்கி வாசித்தது.
இறால் போடாத இறால் வடை, என்றேன்.
வாசித்த பையனின் சித்தப்பா
எதிர் நாற்காலியில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது பழைய கேசட்டிலிருந்து மாற்றியது.
நடுவில் டேப் இழுக்கிறது,
பாலன் கொஞ்சம் தாமதமாய்ப் பிறக்கிறார்.

நான்காவது
நம் ஊர் பேண்டு செட்.
நடுச்சாமப் பூசை முடிந்து குடிலுக்கு முன்னால் ஊதியதை
யாரோ செல்போனில் பிடித்திருக்கிறார்கள்.
நாய் குரைக்கிறது. குழந்தை ஒன்று தும்முகிறது.
மூன்றாம் அடியில் ட்ரம்பெட் உடைந்து
ஒரு மூச்சு நின்று
பிறகு மேலே ஏறிவிடுகிறது.

அது வேண்டாம், என்றாள் கித்தேரி.
காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.
ஆவணியில் அவள் வாசலிலிருந்து கல்லறை மட்டும்
முன்னால் நடந்தது அந்த ட்ரம்பெட்தான்.
வேறு மெட்டு. அதே வாய்.

சரி, கடலே சொல்லட்டும் என்று
லசாலுக்குப் போன் போட்டேன்.
நாட்டுப்படகில், நங்கூரம் இறக்கி,
நண்டு வலைக்குக் காத்திருந்தார்.
பாம்பன் பாலத்து வெளிச்சம் தெரிகிற தூரம்.

முதலாவதைப் போட்டோம். கேக்குதா?
என்னத்த?
இரண்டாவது.
கொசுவா, பாட்டா?
மூன்றாவது.
போடு, போட்டுட்டுக் கேளு.
போட்டாச்சு, என்றேன்.

நான்காவதற்குப் பதிலே இல்லை.
காற்று மட்டும் போனை உரசிக்கொண்டிருந்தது.
பிறகு அவர் குரல், கொஞ்சம் எட்டத்திலிருந்து:
யாரோ பேர் சொல்லிக் கூப்புட்ட மாதிரி இருந்துச்சு.
எந்திரிச்சு நின்னு பாத்தேன்.
கரைக்கு யாரும் வந்துருக்காங்களா?

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லாருக்கும் கேட்டது.
கித்தேரி சேலைத் தலைப்பைத் தட்டிக்கொண்டாள்,
மேலிருந்து துரு உதிர்ந்தபடி இருந்தது.
எந்த எடத்துலன்னு கேளு, என்றாள்.
கேட்டேன்.
ஒடஞ்சு வந்துச்சே, அங்க.

நோட்டில் எழுதினேன்:
நான்காவது. பதினாறாம் தேதி முதல்,
அதிகாலை மூன்றரை.
நாயை வெட்ட வேண்டாம்.

கையெழுத்துப் போட வந்த கித்தேரி
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கலாம், என்றாள்.
ஒரு எழுத்துப் போட்டாள்.
வேணாம், இருக்கட்டும்.

மேலே தொபியாஸ் ஸ்பேனரால்
கூம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார்,
வடக்கே, இன்னும் ஒரு சுற்று வடக்கே.
போனை வைக்க மறந்திருந்தோம்.
இன்னொரு தடவ போடுங்க, என்றார் லசால்,
நண்டு ஏற நேரங் கெடக்கு.